மரைக்குப் போன பிள்ளை கேட்ட கேள்வி

மடுல்சீமை ஊர் உறவுகளே, பெற்றோர்களே!

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

சில வாரங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை. பத்தாம் தரத்தில் படிக்கும் மாணவன் ஒருவன் இடைவேளையில் எங்களிடம் வந்தான். "சேர், வாப்பாவோட மரைக்குப் போனேன்" என்றான். முகமெல்லாம் பெருமை. அவனுக்கு அதுதான் முதல் தடவை. தேயிலை முடியும் இடத்திலிருந்து இரவோடு இரவாகக் காட்டுக்குள் ஏறியது, டோர்ச்சை அணைத்துவிட்டு நடந்தது, குளிர் தாங்காமல் வாப்பாவின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டது, காலெல்லாம் அட்டை கடித்தது என்று ஒன்று விடாமல் சொன்னான். விடியும்போது கம்பியில் ஒரு பெண் மரை கிடந்ததாம். அந்த இடத்துக்கு வந்ததும் குரல் இறங்கிவிட்டது.

"கத்தி வைக்கும்போது அது உயிரோட இருந்திச்சான்னு தெரியல்ல சேர். வாப்பா பிஸ்மி சொல்லித்தான் அறுத்தாங்க. ரத்தம் பெரிசா வரல்ல. அது ஹலாலா சேர்?"

அதற்குள் மணி அடித்துவிட்டது. "பிறகு பேசுவோம் மகன்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அன்று சொல்லாத பதில்தான் இந்தப் பதிவு.

யாருடைய பிள்ளை என்று தயவுசெய்து தேட வேண்டாம். அடையாளம் தெரியக்கூடிய விடயங்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறோம். வாப்பாவிடமும் பேசிவிட்டோம். அவர் கோபப்படவில்லை. "எந்த நேரமும் போனோடயே இருக்கான் சேர். ஒரு ராவாவது என்னோட இருக்கட்டும்னுதான் கூட்டிட்டுப் போனேன். எழுதுங்க, பேரை மட்டும் போட்டுறாதீங்க" என்றார்.

அவர் சொன்னது எங்கள் மனதில் நின்றுவிட்டது. ஒரு தகப்பன் தன் மகனோடு ஒரு இரவைக் கழிக்க ஆசைப்பட்டதில் எந்தப் பிழையும் இல்லை. நம் ஊரில் எத்தனை வாப்பாமாருக்கு அந்த எண்ணமாவது வருகிறது? பிழை மலைக்குப் போனதில் இல்லை, அங்கே கட்டி வைத்த கம்பியில் இருக்கிறது.

முதலில் மார்க்கத்தைப் பார்ப்போம். வேட்டை ஆகுமான ஒன்றுதான். பயிற்சி கொடுத்த பிராணிகளைக் கொண்டு வேட்டையாடுவதைப் பற்றி ஸூரத்துல் மாஇதாவின் 4ஆம் வசனம் பேசுகிறது. ஆனால் அதற்கு முந்திய 3ஆம் வசனம் எவையெல்லாம் ஹராம் என்று எண்ணிச் சொல்கிறது. கழுத்து நெரிபட்டுச் செத்த பிராணி அந்தப் பட்டியலில் இருக்கிறது. உயிர் பிரிவதற்கு முன் முறைப்படி அறுத்தால் மட்டுமே விதிவிலக்கு. இப்போது அந்தக் கம்பியை நினைத்துப் பாருங்கள். பைசிக்கிள் பிரேக் கம்பியையோ மோட்டார் சைக்கிள் கிளட்ச் கம்பியையோ சுருக்காக்கி, மரை நடக்கும் ஒற்றையடிப் பாதையில் கட்டுகிறார்கள். தலை உள்ளே போனதும் பிராணி இழுக்கும். இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகும். கட்டியவர் வந்து பார்ப்பதோ மணித்தியாலக் கணக்கில் கழிந்த பிறகு. கழுத்து நெரிபட்டுச் சாவது என்பது இதைத் தவிர வேறென்ன?

ஆகவே மகனே, உன் சந்தேகம் நியாயமானது. உயிர் இருந்ததா என்று தெரியாவிட்டால் அந்த இறைச்சியை விட்டுவிடுவதுதான் பேணுதல். மேலதிக விளக்கத்தை உலமாக்களிடம் கேட்டுக்கொள். அறுக்கப் போகும் ஆட்டின் முன்னால் கத்தியைத் தீட்டுவதையே கண்டித்த நபியின் உம்மத் நாம். ஒரு பிராணியை இரவு முழுக்க மூச்சுத் திணற விட்டுவிட்டு விடிந்ததும் பிஸ்மி சொன்னால், அந்த இரவுக்கு யார் பதில் சொல்வது?

இரண்டாவது, அந்தப் பிள்ளை தன் போனில் எங்களுக்கு ஒரு வீடியோ காட்டினான். அமெரிக்க மலைகளில் ஒரு தகப்பனும் மகனும் 'எல்க்' வேட்டைக்குப் போகிறார்கள். "அங்க எல்லாரும் போறாங்களே சேர்" என்றான். வீடியோ உண்மைதான். ஆனால் அது பாதிக் கதை. கொலராடோ மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். 12 வயது ஆகாதவருக்கு அங்கே பெரிய விலங்கு வேட்டைக்கு உரிமம் கிடையாது. 1949 தொடக்கம் பிறந்தவர்கள் வேட்டைக் கல்விப் பாடநெறியை முடித்திருக்க வேண்டும். குறித்த பருவம், குறித்த எண்ணிக்கை என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. அந்தக் கணக்கு வீடியோவில் வராது.

நம் மலையிலும் ஒரு காலத்தில் 'எல்க்' வேட்டை நடந்தது. வெள்ளைக்காரர்கள் நம் மரையைத்தான் அப்படி அழைத்தார்கள். 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், நாய்களை விட்டு மரையைத் துரத்திக் கத்தியால் குத்துவதை விளையாட்டாகவே எழுதி வைத்திருக்கிறார். பதுளை நகரிலுள்ள சென் மார்க்ஸ் தேவாலயத்தை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அது மேஜர் ரோஜர்ஸின் நினைவாக எழுப்பப்பட்டது. பதுளையை நிர்வகித்த அவர் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845 ஜூன் 7இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். "வேட்டை நம் பரம்பரைப் பழக்கம்" என்று சொல்பவர்கள், இந்த மலைகளை வெறுமையாக்கிய பரம்பரை எது என்பதையும் யோசிக்க வேண்டும்.

1937ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இன்று மரையைப் பாதுகாக்கின்றன. கொல்வது மட்டுமல்ல, இறைச்சியை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்கும் ஒரு பிள்ளையை நீதிமன்றப் படியேற்றும் அளவுக்கு அந்த இறைச்சி பெறுமதியானதா? அப்படியொன்று நடந்தால் பெயர் அந்தப் பிள்ளையோடு நிற்காது, ஊர் முழுவதையும் சேர்த்துத்தான் பேசுவார்கள். இது நம் எல்லோருக்கும் தெரிந்ததே.

மூன்றாவது, கம்பிக்கு ஆள் தெரியாது. பன்றிக்கு வைத்ததில் மரை விழும், மரைக்கு வைத்ததில் புலி விழும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்ஷபான தோட்டத்தில் கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தை நினைவிருக்கிறதா? இந்த நாட்டில் மிக அரிதாகவே காணக் கிடைக்கும் பிராணி அது. உயிரோடு மீட்டார்கள், சிகிச்சை கொடுத்தார்கள், சில நாட்களில் செத்துப்போனது. சிலர் கம்பியோடு கட்டுத் துவக்கும் வைக்கிறார்கள். விடியற்காலையில் விறகுக்கும் புல்லுக்கும் அந்தப் பாதையால் போகிறவர்கள் யார்? லயத்து அக்காமாரும் அண்ணன்மாரும்தான். அவர்களின் பிள்ளைகளும் நம் பிள்ளைகளோடு ஒன்றாக விளையாடுகிறவர்கள்தானே.

சிலர் சொல்லும் நியாயங்களும் நமக்குத் தெரியும். கடையில் இறைச்சி விற்கிற விலைக்குக் கூலிக் குடும்பம் வாங்க முடியாது. மரக்கறித் தோட்டத்தை மரை வந்து மேய்ந்துவிடுகிறது. இரண்டும் உண்மை. ஆனால் கம்பியில் விழும் இறைச்சி ஏழையின் சட்டிக்குத்தான் போகிறதா, காசுள்ளவர்களின் விருந்துக்குப் போகிறதா என்பதை நாம் மனச்சாட்சியோடு சொல்ல வேண்டும். தோட்டத்துக்கு வேலி கட்டப் பணமில்லாதவருக்கு ஊர் சேர்ந்து உதவலாம். ஒரு மரை பெரும்பாலும் ஒரு ஈற்றில் ஒரு குட்டிதான் போடும் என்பதையும் மறக்க வேண்டாம். மரை குறைந்தால் புலிக்கு இரை குறையும். அது பிறகு லயத்து நாயைத் தேடித்தான் இறங்கும்.

சரி, அந்த வாப்பாவின் ஆசைக்கு என்ன வழி? மலை இருக்கிறது, மகனும் இருக்கிறான், கம்பியை மட்டும் விட்டுவிடுங்கள். ஸுபஹ் தொழுதுவிட்டு பிட்டமாருவ சிறிய உலக முடிவுப் பக்கம் நடந்து போங்கள். வெளியூர்க்காரர்கள் கூடாரம் கொண்டுவந்து தங்கிப் பார்க்கும் சூரிய உதயம் அது, நமக்கு வீட்டு வாசல். மலை விளிம்பில் மட்டும் பிள்ளையின் கையை விடாதீர்கள். மரையையே காட்ட வேண்டுமென்றால் ஒரு விடுமுறையில் ஹோர்ட்டன் சமவெளிக்குக் கூட்டிப் போங்கள். பொழுது சாயும் நேரம் புல்வெளிக்குக் கூட்டமாக வந்து மேயும். கொம்பு விழுந்து ஆண்டுக்காண்டு புதிதாக முளைப்பதையும், ஆபத்து என்றால் காலை உதைத்துச் சத்தமிடுவதையும் சொல்லிக் கொடுங்கள். அந்தப் பிள்ளைக்கு அன்று பிடித்ததெல்லாம் இரவு, குளிர், வாப்பாவின் ஜெர்சி. செத்துக் கிடந்த மரையைப் பற்றிப் பேசும்போதுதான் அவன் குரல் இறங்கியது.

வரும் பாடசாலை விடுமுறையில் வாப்பாமாரும் மகன்மாரும் சேர்ந்து ஒரு நாள் நடை போவோம் என்று நாங்கள் சில ஆசிரியர்கள் பேசியிருக்கிறோம். விரும்புகிறவர்கள் சொல்லுங்கள். வழியில் கம்பியைக் கண்டால் யார் வைத்தது என்று சண்டைக்குப் போக வேண்டாம். வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அறிவித்தால் போதும்.

அந்த வாப்பா பதிவு வருவதற்கு முன்பே ஒரு செய்தி அனுப்பினார். "மிச்சக் கம்பியெல்லாம் நானும் மகனும் போய்க் கழட்டிட்டோம் சேர்." மகனோடு அவர் மலைக்குப் போன இரண்டாவது பயணம் அது.