பயிற்சித் திட்டத்தோடு வலியையும் பகிர்ந்துகொள்வோம்

நீந்தி முடித்த ஈரம் காயுமுன் சைக்கிளில் ஏறி, சைக்கிளிலிருந்து இறங்கிய உடனே ஓடத் தொடங்கும் போட்டி டிரையத்லான். தமிழில் இதை நெடுமுப்போட்டி என்கிறோம். 1974ல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் உள்ளூர்ப் போட்டியாகத் தொடங்கிய இது, 2000ல் சிட்னியில் ஒலிம்பிக் விளையாட்டானது. இன்று நம் பல்கலைக்கழகங்களில் இதற்கென மாணவர் குழுக்கள் இருக்கின்றன. வார இறுதியில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கு அதிகாலையில் சென்றால், தலைக்கவசமும் ஓட்டக் காலணியுமாகப் பயிற்சி செய்யும் இளையர் பலரைப் பார்க்கலாம்.

இவர்களில் பெரும்பாலோர் தேசிய வீரர்கள் அல்லர். பாடம், இணைப்பாட நடவடிக்கை, பகுதிநேர வேலை ஆகியவற்றுக்கு நடுவே நேரம் ஒதுக்கிப் பயிற்சி செய்பவர்கள். தனிப் பயிற்றுவிப்பாளருக்கு மாதந்தோறும் கட்டணம் செலுத்த எல்லாராலும் முடியாது. ஆகவே, முந்திய ஆண்டு போட்டியை முடித்த ஒருவரிடம் அவருடைய பயிற்சித் திட்டத்தைக் கேட்டு வாங்குகிறார்கள். நண்பர்கள் குழுவுக்கு ஓர் அட்டவணை வந்து சேர்கிறது. திங்கட்கிழமை 1,500 மீட்டர் நீச்சல், செவ்வாய்க்கிழமை 6 கிலோமீட்டர் ஓட்டம், சனிக்கிழமை 40 கிலோமீட்டர் சைக்கிள் என்று 12 வாரங்களுக்கு அது நீள்கிறது.

இந்தப் பழக்கம் வரவேற்கத்தக்கது. ஒரு காலத்தில் வசதி உள்ளவர்களுக்கும் தேசிய அணியில் இருந்தவர்களுக்கும் மட்டுமே கிடைத்த பயிற்சி அறிவு, இப்போது உயர்நிலைப் பள்ளி மாணவரின் கைக்கும் எட்டுகிறது. அனுபவமுள்ளவர் புதியவருக்கு இலவசமாகச் சொல்லிக் கொடுப்பது விளையாட்டின் நல்ல மரபுகளில் ஒன்று.

ஆனால், பகிரப்படுவது பெரும்பாலும் எண்கள் மட்டுமே. எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம் என்பது தெரிகிறது. அதை எழுதியவர் பயிற்சியைத் தொடங்கியபோது எந்த நிலையில் இருந்தார், எந்த நாள்களில் ஓடாமல் விட்டார், எந்த வாரத்தில் முழங்கால் வலித்தது என்பது அட்டவணையில் இல்லை. அந்த விவரங்கள் இல்லாத திட்டத்தை அப்படியே பின்பற்றும்போதுதான் காயம் வருகிறது.

மூச்சு தாங்கும், எலும்பு தாங்குமா?

ஒரே திட்டத்தை இரு மாணவிகள் பின்பற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் ஆறு ஆண்டுகளாகப் பள்ளி நீச்சல் குழுவில் இருப்பவர். மற்றவர் வலைப்பந்து விளையாடுபவர். காயம் யாருக்கு வரக்கூடும் என்று கேட்டால், நீச்சல் வீராங்கனைக்கு வராது என்றே பலரும் சொல்வோம். அவருடைய இதயமும் நுரையீரலும் நன்கு பழகியவை. முதல் வாரத்திலேயே 8 கிலோமீட்டர் ஓடினாலும் அவருக்கு மூச்சு வாங்காது.

ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. நீரில் உடல் மிதக்கிறது. கால் எலும்புகளின் மீது எடை இறங்குவதில்லை. ஓடும்போதோ ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. அவருடைய மூச்சு "இன்னும் ஓடலாம்" என்கிறது. அந்த அதிர்ச்சிக்குப் பழகாத எலும்பு அதைத் தாங்கும் நிலையில் இல்லை. பல ஆண்டுகள் ஓடிக் குதித்துப் பழகிய வலைப்பந்து மாணவிக்குச் சீக்கிரமே மூச்சு வாங்கிவிடும். அதனாலேயே அவர் அளவோடு நின்றுவிடுவார்.

இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்கு ஈடுகொடுக்கத் தொடங்கும். தசைநாணும் எலும்பும் அப்படி அல்ல. அவற்றுக்கு மாதக்கணக்கில் காலம் வேண்டும். புதிய சுமையைச் சந்திக்கும் எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைத்துவிட்டு, அதன் பிறகே புதிய எலும்பைக் கட்டுகிறது. இடைப்பட்ட வாரங்களில் அது முன்பைவிடச் சற்று வலுக்குறைந்தே இருக்கும். அந்த நேரத்தில் சுமையைக் கூட்டிக்கொண்டே போனால், மயிரிழை போன்ற விரிசல் எலும்பில் விழக்கூடும். பிறகு பல வாரங்கள் ஓட்டத்தையே மறந்துவிட வேண்டியதுதான்.

வெயிலையும் திட்டம் அறியாது. குளிர் நாட்டில் எழுதப்பட்ட திட்டத்தில் "கிலோமீட்டருக்கு 5 நிமிடம், மிதமான ஓட்டம்" என்று இருக்கும். இங்கே 30 டிகிரி வெப்பத்தில், காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும்போது வியர்வை எளிதில் ஆவியாகாது. உடல் சூடு தணியாது. அதே வேகம் நமக்குக் கடுமையான ஓட்டமாகிவிடும். வெப்பத்துக்கு உடல் பழகவே ஏறத்தாழ இரண்டு வாரங்கள் பிடிக்கும். தலைசுற்றலும் குழப்பமும் வந்தால் அட்டவணையை மூடிவிட்டு நிழலுக்குப் போவதே அறிவு.

பத்து விழுக்காடு ஒரு கவசம் அல்ல

"வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே" என்பது ஓட்டக்காரர்களிடையே பல காலமாகச் சொல்லப்படும் விதி. திடீரென்று இரு மடங்காக்காமல் இருக்க அது உதவுகிறது. ஆயினும், அதைப் பின்பற்றினாலே காயம் வராது என்று நம்புவது தவறு. நெதர்லாந்தின் குரோனிங்கன் ஆய்வாளர்கள் புதிதாக ஓடத் தொடங்கிய 532 பேரை இரண்டு பிரிவாக்கிச் சோதித்தனர். ஒரு பிரிவினர் பத்து விழுக்காட்டு விதிப்படி 13 வாரங்கள் மெதுவாகக் கூட்டினர். மற்றப் பிரிவினர் வழக்கமான 8 வாரத் திட்டத்தைப் பின்பற்றினர். 2008ல் வெளியான முடிவுகளின்படி, இரு பிரிவுகளிலும் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் காயமடைந்தார்.

இதைக் காட்டி "இஷ்டம்போல் கூட்டலாம்" என்று சொல்ல முடியாது. எல்லா உடலுக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது என்பதே இதன் பாடம். உங்கள் காலுக்கு எது அதிகம் என்பதை உங்கள் கால்தான் சொல்லும். அதைக் கேட்கப் பழக வேண்டும்.

பயிற்சிக்கு மறுநாள் தொடை முழுவதும் இறுக்கமாக இருப்பதும், இரண்டு மூன்று நாளில் அது தானாகத் தணிவதும் இயல்பு. விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில், அதுவும் எலும்பின் மீது வலித்தால் கவனம் தேவை. ஓட ஓட வலி கூடினாலும், நொண்டி நடக்க வைத்தாலும், இரவில் படுத்த பிறகும் தொடர்ந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரையோ இயன்முறை சிகிச்சையாளரையோ பார்க்க வேண்டும். வலி மாத்திரை விழுங்கிவிட்டு ஓடுவது எச்சரிக்கை மணியின் கம்பியை அறுப்பதற்குச் சமம்.

சில வலிகளுக்கான காரணம் எளிதானது. சைக்கிளின் இருக்கை மிகத் தாழ்வாக இருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கலாம். நீச்சலில் கை வீச்சு சரியில்லாமல் தூரத்தை மட்டும் கூட்டினால் தோள்பட்டை வலிக்கலாம். இத்தகையவற்றை அனுபவமுள்ள நண்பர் ஒரே பார்வையில் கண்டு சொல்லிவிடுவார். நேரில் சேர்ந்து பயிற்சி செய்வதன் பயன் அது.

மாணவர்கள் மறக்கும் கணக்கு

மாணவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. டிரையத்லான் பயிற்சி தனியாக நடப்பதில்லை. காற்பந்து அல்லது சாரணர் நடவடிக்கை, உடற்கல்விப் பாடம், நாஃபா தேர்வுக்கான 2.4 கிலோமீட்டர் ஓட்டம் ஆகிய எல்லாமே அதே இரு கால்களின் மீதுதான் ஏறுகின்றன. அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் அதிகமான இளம் விளையாட்டாளர்களிடம் நடத்தப்பட்டு 2015ல் வெளியான ஓர் ஆய்வு, தங்கள் வயதைவிட அதிக மணி நேரம் வாரந்தோறும் விளையாட்டில் செலவிட்டவர்களுக்குக் கடுமையான காயம் வரும் வாய்ப்பு கூடுதல் என்று கண்டது. 15 வயது மாணவர் எல்லாப் பயிற்சியையும் கூட்டிப் பார்த்து 15 மணி நேரத்தைத் தாண்டினால், எதையாவது குறைக்க வேண்டும் என்பது நினைவில் வைக்க எளிதான அளவுகோல்.

பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. நள்ளிரவு வரை படித்துவிட்டு ஐந்து மணிக்கு எழுந்து நீந்தப் போகும் மாணவருக்கு அதில் பாதிதான் கிடைக்கிறது. உடல் தன்னைப் பழுதுபார்ப்பது உறக்கத்தில்தான். தேர்வு வாரத்தில் ஒரு பயிற்சியை விட்டுவிட்டு உறங்குவதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

உணவும் அப்படியே. உடல் இளைத்தால் வேகம் கூடும் என்று நம்பிச் சாப்பாட்டைக் குறைப்பவர்கள் ஆண், பெண் இரு பாலரிலும் உள்ளனர். செலவாகும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாவிட்டால் எலும்பு, சுரப்பிகள், மனநிலை ஆகிய எல்லாமே பாதிக்கப்படும் என்று அனைத்துலக ஒலிம்பிக் குழு 2014ல் விரிவாக எச்சரித்தது. மாதவிடாய் தொடர்ந்து நின்றுபோவதைக் கடும் பயிற்சியின் அடையாளமாகச் சில மாணவிகள் எடுத்துக்கொள்கின்றனர். அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய அறிகுறி. வெட்கப்பட்டு மறைக்க அதில் எதுவும் இல்லை.

தூரத்திலும் அவசரம் வேண்டாம். ஸ்பிரிண்ட் வகைப் போட்டியில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் தூரம் அதைப் போல் இரு மடங்கு. லங்காவியில் நடைபெறும் அயர்ன்மேன் போட்டியிலோ 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டி, அதன் பிறகு 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டும். அதில் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் பங்கேற்க முடியாது. மாணவப் பருவத்தில் குறுகிய தூரங்களை நன்றாகச் செய்து பழகினால் போதும். நீண்ட தூரங்களுக்கு வாழ்நாள் இருக்கிறது.

எதைப் பகிர்வது?

திட்டத்தைக் கொடுப்பவர் மூன்று விவரங்களைச் சேர்த்துக் கொடுக்கலாம். பயிற்சி தொடங்குவதற்கு முந்திய மூன்று மாதங்களில் தாம் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது முதலாவது. அட்டவணையில் இருந்தும் தாம் செய்யாமல் விட்ட நாள்கள், அதற்கான காரணம் ஆகியவை இரண்டாவது. எங்கே வலித்தது, எத்தனை நாளில் சரியானது என்பது மூன்றாவது. வாங்குபவரும் கேட்கத் தயங்கக் கூடாது. "நான் ஓடியே பழக்கமில்லை, முதல் மாதத்தில் எதைக் குறைக்கலாம்?" என்ற ஒரு கேள்வி பல வார வலியைத் தவிர்க்கும்.

குழுவின் மனப்போக்கும் மாற வேண்டும். 20 கிலோமீட்டர் ஓடியதாகப் பதிவிட்டால் பாராட்டுகள் குவிகின்றன. "காலில் வலி, இன்று ஓடவில்லை" என்று ஒருவர் எழுதினால் பதிலே வருவதில்லை. சில நேரம் கேலியும் வருகிறது. அதனால்தான் பலர் வலியை மறைத்து ஓடுகின்றனர். ஓய்வெடுத்தவரையும் பாராட்டும் குழுவில் காயங்கள் சிறிதாக இருக்கும்போதே வெளியே தெரிந்துவிடும். மூத்த உறுப்பினர்கள் இதைத் தொடங்கி வைக்கலாம். அவர்கள் சொன்னால் இளையவர்கள் துணிந்து சொல்வார்கள்.

மேலும், மூன்று விளையாட்டுகள் சேர்ந்த போட்டி என்பதால் இதில் ஓய்வு என்றாலே வீட்டில் முடங்குவது என்று பொருளில்லை. காலில் அடிபட்டவர், மருத்துவர் அனுமதித்தால், நீந்தலாம். தோள் வலிப்பவர் மெதுவோட்டம் ஓடலாம்.

ஏறக்குறைய 64,000 பேர் வாழும் பெர்முடா தீவைச் சேர்ந்த ஃபுளோரா டஃபி, பாதக் காயத்தால் 2018ல் போட்டிகளிலிருந்து விலகி, ஓராண்டுக்கு மேல் களமிறங்காமல் இருந்தார். 2021ல் தோக்கியோவில் அவர் வென்ற தங்கமே அந்தத் தீவின் முதல் ஒலிம்பிக் தங்கம். உலகின் தலைசிறந்த வீராங்கனையே ஓராண்டு காத்திருந்தார். நமக்கு இரண்டு வாரம் காத்திருப்பது பெரிய இழப்பாகாது.

டிரையத்லானில் ஈடுபடாதவர்களுக்கும் இது பொருந்தும். நாஃபா தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு திடீரென்று ஓடத் தொடங்கும் மாணவரும், தேசிய சேவைக்குமுன் உடலைத் தயார்செய்யும் இளையரும் இதே தவற்றைச் செய்யக்கூடும். அடுத்த முறை நண்பர் ஒருவர் உங்களிடம் பயிற்சித் திட்டம் கேட்டால், அட்டவணையை அனுப்புவதற்கு முன் அவரிடம் கேளுங்கள்: "இப்போது வாரத்துக்கு எவ்வளவு ஓடுகிறாய்? எங்காவது வலி இருக்கிறதா?"