காயங்களோடு உயிர்த்தவர்

 வாசகர்களில் பலர் பிற சமயத்தவர் என்பதை நாங்கள் அறிவோம். நோயோடு வாழும் எவருக்கும் பயன்படக்கூடிய சில எண்ணங்கள் இதில் உண்டு என்பதால், அவர்களும் இக்கட்டுரையை வாசிக்க வேண்டுகிறோம்.

ஈஸ்டர் ஞாயிறு விடியற்கால ஆராதனையில் மகிழ்ச்சிப் பாடல்கள் ஒலிக்கும். வீடுகளில் விருந்து நடக்கும். மறுநாள் திங்கட்கிழமை காலையில் எங்கள் டயாலிசிஸ் பிரிவின் படுக்கைகள் வழக்கம்போல் நிரம்பிவிடும். அப்படிப்பட்ட ஒரு திங்கட்கிழமை, கையில் ஊசி ஏற்றப்படும்போது ஒரு பெரியவர் கேட்டார்: "இயேசு உயிர்த்தெழுந்தார் என்று நேற்றுப் பாடினோம், டாக்டர். இன்று மறுபடியும் இதே படுக்கைக்கு வந்துவிட்டேன். அப்படியானால் ஈஸ்டர் எனக்கு என்ன?" அன்று அவருக்கு நாங்கள் சரியான விடை சொல்லவில்லை. இக்கட்டுரை அக்கேள்வியிலிருந்தே பிறக்கிறது.

அக்கேள்விக்குத் தவறான விடை ஒன்றும் உண்டு. அதனால் நேரும் தீங்கை நாங்கள் நேரில் கண்டிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துவந்த குடும்பத் தலைவர் ஒருவர், ஈஸ்டரை ஒட்டி நடந்த ஒரு ஜெபக்கூட்டத்திற்குச் சென்றார். நோய் நீங்கிவிட்டது என்றும், இனி மருத்துவமனைக்குப் போவது அவிசுவாசம் என்றும் அங்கே அவருக்குச் சொல்லப்பட்டது. ஒரு வாரம் அவர் வரவில்லை. எட்டாம் நாள் நள்ளிரவில், படுக்கவும் இயலாமல் மூச்சுத் திணறும் நிலையில் கொண்டுவரப்பட்டார். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. இரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்து இதயத் துடிப்பு தடுமாறியது. உடனடியாக டயாலிசிஸ் செய்யப்பட்டதால் பிழைத்தார். மூச்சு சீரானதும் தம் மனைவியிடம் அவர் கூறிய முதல் வார்த்தை, "எனக்கு விசுவாசம் போதவில்லை போலிருக்கிறது" என்பதே.

அவர் உடல் நான்கு நாட்களில் தேறிற்று. மனத்தில் ஏற்றப்பட்ட அந்தக் குற்றவுணர்வு நீங்குவதற்குப் பல மாதங்கள் ஆயின. சிறுநீரகம் செயலிழந்த ஒரு மனிதர் ஏற்கெனவே சுமக்கும் பாரங்கள் போதாவென்று, நோய் தீராததற்கும் அவரே பொறுப்பு என்ற பாரத்தையும் ஏற்றுவது கொடுமை. கிறிஸ்துவின் பெயரால் அதைச் செய்வது மேலும் கொடுமை.

உயிர்த்தெழுதலுக்கும் நோய் தீர்வதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். லாசருவை இயேசு கல்லறையிலிருந்து வெளியே அழைத்த நிகழ்ச்சியை யோவான் எழுதியுள்ளார். லாசரு திரும்பி வந்தது பழைய வாழ்வுக்கே. மற்றொரு நாளில் அவரும் மரித்திருப்பார். நின்றுபோன இதயத்தை மார்பை அழுத்தியும் மின்னதிர்ச்சி கொடுத்தும் நாங்கள் மீண்டும் துடிக்கச் செய்யும்போது நிகழ்வதும் பழைய வாழ்வுக்குத் திரும்புதலே. கிறிஸ்துவின் உயிர்த்தெழுதல் அத்தகையதன்று. இனி மரணம் தீண்ட முடியாத புதிய வாழ்வுக்குள் அவர் சென்றார் என்பதே திருச்சபையின் விசுவாசம். அந்த விசுவாசம் இவ்வுலகில் எந்த நோயும் நம்மை அணுகாது என்ற உறுதியைத் தரவில்லை.

உயிர்த்தெழுதலைக் குறித்து மிகுதியாக எழுதிய பவுலின் வாழ்க்கையே இதற்குச் சான்று. தம் சரீரத்தில் முள்போல் உறுத்திய ஒரு வேதனை நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டதாகவும், அது நீக்கப்படவில்லை என்றும், அதைத் தாங்கும் கிருபையே அருளப்பட்டது என்றும் அவர் எழுதுகிறார். அவருடைய உடன் ஊழியர் துரோப்பீமு நோயுற்றபோது மிலேத்துவில் விட்டுவர நேர்ந்தது. தீமோத்தேயுவின் வயிற்று உபாதைக்குப் பவுல் கைவைத்தியமே சொன்னார். அவரோடு இருந்த லூக்காவோ மருத்துவர். இவர்களில் எவரையும் விசுவாசம் குறைந்தவர் என்று சொல்ல நாம் துணிய மாட்டோம். ஆகவே, மாத்திரையை விழுங்குவதும் இன்சுலின் போட்டுக்கொள்வதும் குறித்த நாளில் டயாலிசிஸுக்கு வருவதும் விசுவாசத்திற்கு எதிரானவை என்று யாரேனும் கூறினால், அதை ஏற்க வேண்டியதில்லை. ஜெபம் செய்யுங்கள், மருந்தையும் நிறுத்தாதீர்கள். உடல்நிலை உண்மையிலேயே மேம்பட்டிருந்தால் பரிசோதனைகள் அதைக் காட்டும். அப்போது மருந்தைக் குறைப்பவர்கள் நாங்களாகவே இருப்போம்.

அப்படியானால், அந்தப் பெரியவரின் கேள்விக்கு விடை என்ன? விடையைத் தேடி நாம் தோமாவிடம் செல்ல வேண்டும்.

உயிர்த்தெழுந்த ஆண்டவரை மற்றச் சீடர்கள் கண்டபோது தோமா அங்கில்லை. ஆணிகள் பாய்ந்த கைகளையும் ஈட்டி குத்திய விலாவையும் தொட்டுப் பார்த்தாலன்றி நம்ப மாட்டேன் என்றார். எட்டு நாள் கழித்து இயேசு வந்து, அந்தக் காயங்களையே அவருக்குக் காட்டினார். இந்தச் செய்தியை நாம் பலமுறை கேட்டிருந்தும், அதில் உள்ள வியப்பைக் கவனிப்பதில்லை. மரணத்தையே வென்ற உடலில் காயங்கள் ஏன் இருந்தன? மாசுமறுவற்ற உடலோடு அவர் தோன்றியிருக்கலாம். ஆயினும் காயத் தழும்புகள் மறையவில்லை. சீடர்கள் அவரை அடையாளம் கண்டுகொண்டதே அவற்றால்தான். பட்ட பாடு உண்மை. அதை இல்லையென்று ஆக்காமலேயே தேவன் அதற்கு அப்பால் வாழ்வைத் தந்தார். உயிர்த்தெழுதலின் பொருளை இவ்வாறே நாம் புரிந்துகொள்கிறோம்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உங்கள் கையில் தமனி ஒன்றையும் சிரை ஒன்றையும் இணைத்து ஃபிஸ்டுலா செய்யப்பட்டிருக்கிறது. அதன்மேல் விரலை வைத்தால் ஓர் அதிர்வு தெரியும். ஒவ்வொரு முறையும் அங்கே இரண்டு ஊசிகள் ஏற்றப்படுவதால் கை மேடும் தழும்புமாகிவிடுகிறது. முழுக்கைச் சட்டை அணிந்தும் சேலைத் தலைப்பால் போர்த்தியும் அக்கையை மறைத்துக்கொள்பவர்களை நாங்கள் அறிவோம். திருமண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டவர்களும் உண்டு. ஆயினும் வாரந்தோறும் உங்கள் உயிர் காக்கப்படுவது அத்தழும்பின் வழியாகத்தான். அந்த அதிர்வு நின்றுவிட்டால் உடனே வாருங்கள் என்று நாங்கள் சொல்வதும் அதனால்தான். தழும்புள்ள கை வெட்கத்திற்குரியதன்று. உயிர்த்தெழுந்தவரின் கைகளும் தழும்புள்ள கைகளே.

காயத்தோடு வாழ்ந்த வாழ்க்கை எத்துணைப் பயன்தரக்கூடும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. கேரளத்தில் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தார். முகத்திலும் தழும்பு நிலைத்துவிட்டது. அப்போது அவருக்கு முப்பது வயதும் நிரம்பவில்லை. தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் சீராக்கிவந்த மருத்துவர் பால் பிராண்ட், அவரை மீண்டும் மருத்துவப் பணிக்கு அழைத்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே மேரி வர்கீஸ் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவருடைய தலைமையில், முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கான மறுவாழ்வு மையம் 1966இல் வேலூரில் தொடங்கப்பட்டது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

1986இல் மறையும் வரை அவர் எழுந்து நடக்கவில்லை. அவருக்காக ஜெபித்தவர்கள் பலர் இருந்திருப்பர். அந்த ஜெபங்கள் வீணாயின என்று நாம் கருதவில்லை. நடக்க இயலாத பல நூறு பேர் வாழ்க்கைக்குத் திரும்புவதற்கு அவருடைய சக்கர நாற்காலி வழிகாட்டிற்று.

இனி, படுக்கையின் அருகே அமர்ந்திருப்பவர்களுக்குச் சில சொற்கள். உயிர்த்தெழுதலின் செய்தியை முதலில் அறிந்தவர்கள் பேதுருவோ யோவானோ அல்லர். மகதலேனா மரியாளும் அவளோடு சென்ற பெண்களுமே. அதிசயம் காணலாம் என்று எதிர்பார்த்து அவர்கள் செல்லவில்லை. மரித்த உடலுக்குச் செய்யவேண்டிய கடைசிப் பணிவிடையைச் செய்யவே நறுமணப் பொருள்களை வாங்கிக்கொண்டு சென்றனர். கல்லறை வாயிலில் இருந்த கல்லை யார் புரட்டித் தருவார் என்ற கவலையோடுதான் நடந்தனர். நம்பிக்கை எதுவும் மிஞ்சாத வேளையிலும் அவர்களின் பணிவிடை நிற்கவில்லை. கழிவறைக்குத் தாங்கி அழைத்துச் செல்வதும், உப்பில்லாத உணவைத் தனியே சமைப்பதும், இரவில் நான்கு முறை எழுந்து பார்ப்பதும் அப்படிப்பட்ட பணிவிடையே. அவற்றைச் செய்யும்போது உங்கள் உள்ளத்தில் ஜெபம் எழாமல் போகலாம். தேவன்மேல் கோபமும் வரலாம். அதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

திருச்சபையாருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. உயிர்த்தெழுந்த இயேசு, இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் கிடைக்காமல் களைத்திருந்த சீடர்களுக்குக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து, உண்ண அழைத்தார். மரணத்தை வென்றவர் செய்த காரியங்களுள் காலை உணவு சமைத்ததும் ஒன்று. நோயாளரின் வீட்டுக்கு ஜெபிக்கச் செல்லும்போது ஒரு வேளை உணவையும் எடுத்துச் செல்லுங்கள். நோயாளரின் அருகே நான்கு மணி நேரம் நீங்கள் அமர்ந்துகொண்டு, அவருடைய மனைவியைத் தூங்கச் சொல்லுங்கள். எங்கள் அனுபவத்தில் இதைவிடச் சிறந்த ஈஸ்டர் பரிசு அக்குடும்பத்திற்கு இல்லை.

கிறிஸ்தவக் குடும்பங்கள் எங்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் மற்றொரு கேள்வியும் உண்டு. மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகங்களையோ, மரித்தவரின் கண்களையோ தானம் செய்வது குறித்துப் பேசும்போது, "உயிர்த்தெழும் நாளில் அப்பாவுக்குக் கண்கள் வேண்டாமா?" என்கிறார்கள். இது அன்பிலிருந்து எழும் கேள்வி, நகைப்புக்குரியதன்று. தீயில் எரிக்கப்பட்ட இரத்தசாட்சிகளும் கடலில் மாண்டவர்களும் உயிர்த்தெழுவார்கள் என்றே திருச்சபை தொடக்கமுதல் நம்பிவந்திருக்கிறது. புதைக்கும் விதைக்கும் முளைத்து வரும் பயிருக்கும் உள்ள வேறுபாட்டைப் பவுல் எடுத்துக்காட்டுகிறார். புதிய உடலைத் தரும் தேவனுக்கு நம் பழைய கண்மணிகள் மூலப்பொருளாக வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டில் ரோமில் கூடிய உறுப்பு மாற்று மருத்துவர்களின் பன்னாட்டு மாநாட்டில் உரையாற்றிய திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், விருப்பத்தோடும் விலையின்றியும் செய்யப்படும் உறுப்பு தானத்தை அன்பின் செயல் என்று போற்றினார். ஒரு கொடையாளரின் இரு சிறுநீரகங்கள் இருவரை டயாலிசிஸ் படுக்கையிலிருந்து எழுப்பக்கூடும். கண்களை ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்குள் எடுக்க வேண்டும் என்பதால், இதைப் பற்றி வீட்டில் முன்னதாகவே பேசி வையுங்கள். தம்மையே பிறருக்காகக் கொடுத்தவரின் உயிர்த்தெழுதலைக் கொண்டாடும் வீட்டில் இப்பேச்சு எழுவது பொருத்தமே.

இறுதியாக, தீராத நோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களைப் பற்றி. "உண்மையைச் சொல்லிவிடாதீர்கள், டாக்டர், மனமுடைந்து போவார்" என்று உறவினர் எங்களைத் தாழ்வாரத்தில் நிறுத்திக் கேட்பது வழக்கம். அதே நோயாளர், உறவினர் வெளியே சென்றபின், "எனக்குத் தெரியும், பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்" என்கிறார். இரு சாராரும் ஒருவரையொருவர் காப்பதாக எண்ணிக் கடைசி நாட்களைத் தனித்தனியே கழிக்கிறார்கள். மரணம் முடிவன்று என்று அறிக்கையிடும் நாம், மரணம் என்ற சொல்லை உச்சரிக்கவும் அஞ்சுவது முரண் அல்லவா? பெரிய வெள்ளியை ஒளித்துவைத்துவிட்டு ஈஸ்டரைக் கொண்டாட இயலாது. மன்னிப்புக் கேட்கவும், நன்றி சொல்லவும், விடைபெறவும் வேண்டிய காலத்தை அவர்களுக்குக் கொடுங்கள். எப்படிப் பேசுவது என்று தயங்கினால் எங்களை அழையுங்கள். உடன் அமர்ந்து பேசுகிறோம்.

அந்தப் பெரியவருக்கு இன்று நாங்கள் இவ்வாறு விடை கூறுவோம்: "ஐயா, ஈஸ்டர் உங்களை இந்தப் படுக்கையிலிருந்து விடுவிக்கும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்க இயலாது. ஆனால், காயங்களோடு உயிர்த்தவர் இந்தப் படுக்கையின் அருகிலும் இருக்கிறார் என்று நம்புகிறோம். நான்கு மணி நேரம் முடிந்ததும் வீட்டுக்குச் சென்று பேரப் பிள்ளைகளோடு உண்ணுங்கள். புதன்கிழமை மறவாமல் வாருங்கள். நாங்களும் இங்கே இருப்போம்."