ஓய்வு வேளை: தந்தையின் விளையாட்டுப் பெட்டியும் மகனின் வாத்தியமும்

சென்ற மாதம் நம் பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்று நம்மை இரண்டு இரவுகள் உறங்கவொட்டாமல் செய்துவிட்டது. எழுதியவர் நாகபுரியில், நம்மைப் போன்றே அஜ்னி ரயில்வே குடியிருப்பில் வாழும் ஒரு சகோதரி. அவருடைய கணவர் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவர் சிறுவனாயிருந்தபோது சிங்கப்பூரிலிருந்து வந்த தாய்மாமன் கொடுத்த ‘கேம்பாய்’ என்னும் கையடக்க விளையாட்டுப் பெட்டி ஒன்று இன்றும் அவ்வீட்டு அலமாரியில் இருக்கிறது. இரவுப் பணி முடிந்து வீடு திரும்பினால் காப்பி வரும்வரையில் அதை முடுக்கி விளையாடுவது அவர் வழக்கமாம்.

பதினோராம் வகுப்பில் படிக்கும் மகன் இப்போது அதைக் கேட்கிறான். சிங்கப்பூர் உறவினர் அனுப்பிய பழுதுபட்ட பெட்டிகள் மூன்று அவனிடம் உள்ளன. தந்தையின் பெட்டியையும் பிரித்து, நான்கையும் ஓர் இரும்புச் சட்டத்தில் பூட்டி, சிந்தசைசர் என்னும் மின்வாத்தியமாக அமைக்க வேண்டுமென்பது அவன் ஆசை. “பிரித்துவிட்டால் பிறகு அது அவருடைய பெட்டியாக இருக்குமா? கூடாதென்றால் பிள்ளை முகம் வாடுகிறது. தாங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்” என்று அச்சகோதரி எழுதியிருந்தார்.

இது ஒரு வீட்டிற்கு மட்டும் உரிய விஷயமன்று. மறைந்தவர்களின் கைக்கடிகாரமும் ரேடியோவும் தையல் யந்திரமும் நம் எல்லோர் வீடுகளிலும் உண்டு. ஆகையால் சகோதரிக்கு எழுத வேண்டிய பதிலை இப்பகுதியிலேயே எழுதுகிறோம். முதலில், அப்பெட்டி எத்தகையது, அது எவ்வாறு வாத்தியமாகிறது என்பதை நேயர்கள் அறிவது நலம்.

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் தேதி கேம்பாயை வெளியிட்டது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய். புத்தம் புதிய, விலையுயர்ந்த நுட்பங்களைத் தேடி ஓடாமல், நன்கு பழகி விலை மலிந்துவிட்ட நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. போட்டி நிறுவனங்களின் பெட்டிகள் வண்ணத்திரை காட்டி, ஆறு பென்சில் செல்களைச் சில மணி நேரத்தில் விழுங்கின. கேம்பாயோ பசுமை கலந்த நான்கு சாயல்களே காட்டிற்று. ஆயினும் நான்கு செல்களில் பத்து மணி நேரத்திற்கு மேல் ஓடிற்று. அதுவும் அதன் பின்வந்த வண்ணக் கேம்பாயும் சேர்ந்து உலகில் 11 கோடிக்கு மேல் விற்பனையாயின. யோகோய் 1997-இல் ஒரு சாலை விபத்தில் மறைந்தார்.

அப்பெட்டியினுள் ஒலிக்கென்று நான்கு குரல்கள் உள்ளன. முதலிரண்டும் சதுர அலைக் குரல்கள். அலையின் மேற்பாதி எவ்வளவு நேரம் நீடிப்பது என்பதை எட்டில் ஒன்று, நான்கில் ஒன்று, பாதி, முக்கால் என நான்கு வகையாக மாற்றலாம். மாற்றினால் குரலின் சாயல் மாறும். மூன்றாவது குரலுக்கு அலையின் வடிவத்தை நாமே எழுதிக்கொடுக்கலாம். 32 படிகள், படி ஒன்றுக்கு 16 உயரங்கள், அவ்வளவே இடம். நான்காவது வெறும் இரைச்சல். தாளத்திற்கும் சலங்கைக்கும் அதுவே துணை.

சுருதி விஷயத்தில் இப்பெட்டி சற்றுப் பிடிவாதம் உடையது. சதுர அலைக் குரலின் அதிர்வு, 1,31,072 என்னும் எண்ணை ஒரு முழு எண்ணால் வகுத்தே பிறக்கிறது. 440 அதிர்வு வேண்டுமென்றால் 298-ஆல் வகுக்க 439.8 கிடைக்கும், காது அதை மன்னித்துவிடும். மூன்று ஸ்தாயி மேலே 3,520 வேண்டுமென்றாலோ, மிக அருகில் கிடைப்பது 3,542 தான். மேலே செல்லச் செல்லப் படிக்கட்டுகள் அகன்றுகொண்டே போகின்றன. இக்குறையே அதன் குரலுக்கு ஒரு தனி முகத்தைத் தந்துவிட்டது.

விளையாட்டுக் காலம் முடிந்த பிறகும் இப்பெட்டியை உயிரோடு வைத்தவர்கள் இசை ஆர்வலர்களே. ஜெர்மனியில் ஆலிவர் விட்சோ 1998-இல் ‘நானோலூப்’ என்னும் இசைநிரலை அதற்கென எழுதினார். பின்னர் ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான் கோட்லின்ஸ்கி ‘லிட்டில் சவுண்ட் டிஜே’ என்பதை எழுதினார். இவற்றைக் கொண்டு மேலை நாடுகளில் மேடைக் கச்சேரிகளே நடைபெற்றன. அடுத்து அமெரிக்கரான திமோதி லாம்ப், ‘ஆர்டுயினோபாய்’ என்னும் சிறு இணைப்புக் கருவியின் வரைபடத்தை யாவரும் செய்துகொள்ளுமாறு வெளியிட்டார். மின் வாத்தியங்களுக்கிடையே 1983 முதல் வழங்கிவரும் ‘மிடி’ என்னும் பொதுமொழியை அக்கருவி கேம்பாய்க்கு மொழிபெயர்த்துச் சொல்லும். பெட்டிக்குள் ‘எம்ஜிபி’ என்னும் நிரல் கொண்ட கார்ட்ரிட்ஜைச் செருகிவிட்டால், வெளியே உள்ள கீபோர்டை அழுத்த, கேம்பாய் பாடும்.

ஒரு பெட்டிக்கு நான்கு குரல் என்றால், நான்கு பெட்டிக்குப் பதினாறு. மிடி மொழியில் ஒரு கம்பியில் செல்லும் தடங்களும் பதினாறே. பிள்ளையாண்டான் நான்கு பெட்டி கேட்டதன் காரணம் இதுதான். கணக்குத் தெரிந்த பிள்ளை என்று கண்டு மகிழ்ந்தோம்.

இனி, சட்டம். ரேக் எனப்படும் இவ்விரும்புச் சட்டத்தின் அகலம் 19 அங்குலம். உயரத்தை 1¾ அங்குலக் கட்டுகளாக அளப்பர். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்டு டி, நிலையங்களில் இடத்தை மிச்சப்படுத்த ஏறத்தாழ 1922-இல் வகுத்த அளவு இது. நூறாண்டு கடந்தும் மாறாத அளவு உலகில் எத்தனை உண்டு? நமது ரயில் நிலைய ரிலே அறைகளில் ரிலேக்கள் சட்டங்களில் வரிசையாக நிற்பதைக் கண்டவர்களுக்கு இவ்வமைப்புப் புதிதன்று. கேம்பாயின் உயரம் 148 மில்லிமீட்டர், அகலம் 90, கனம் 32. நிற்கவைத்தால் நான்கு கட்டு உயரத்திற்குள், அதாவது 178 மில்லிமீட்டருக்குள், நான்கு பெட்டிகள் அருகருகே அடங்கும். திரைகளும் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது மின்சாரம். இதை எழுதும்போது நம் கை சற்றுத் தயங்குகிறது. பல ஆண்டுகளுக்கு முன், பழைய சாமான் கடையொன்றில் நாமும் ஒரு கேம்பாய் வாங்கினோம். செல் வாங்கச் சிக்கனப்பட்டு, வீட்டிலிருந்த ஏதோ ஓர் அடாப்டரைச் செருகினோம். கேம்பாய்க்கு வேண்டியது 6 வோல்ட். அதன் துளையில் நடுமுனை எதிர்மின், வெளிவளையம் நேர்மின். இந்நாளில் கடையில் கிடைக்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானவை. ஒரு நொடியில் கருகிய நாற்றம் எழுந்தது. பெட்டி மறுபடி எழவில்லை. முப்பது ரூபாய் செல்லுக்கு அஞ்சி ஒரு யந்திரத்தைக் கொன்றோம். ஆகவே, செருகுமுன் மல்டிமீட்டரால் முனைகளைச் சோதித்தே தீர வேண்டும். நான்கு பெட்டிகளையும் ஒரே மின்வழியில் கட்டினால் ஒன்றின் ரீங்காரம் மற்றொன்றில் ஏறும். தனித்தனி வழியே உத்தமம்.

இப்போது சகோதரியின் கேள்விக்கு வருகிறோம். பிரிக்கத்தான் வேண்டுமா?

தேர்ந்தவர்கள் சிலர் பிரிக்கவே செய்கிறார்கள். பெட்டியின் பெருக்கியில் ஓர் இரைச்சல் உண்டு. அதைத் தவிர்க்க, ஒலிக்குமிழுக்கு முன்னரே ஒலியை எடுத்துத் தனிக் கம்பியில் வெளியே கொணர்வார்கள். அதற்கு உறையில் துளையிட வேண்டும், உள்ளே சால்டர் வைக்க வேண்டும். ஒலி தெளிவடைவது உண்மை. ஆனால் அது மேம்பாடேயன்றி அவசியமன்று. மின்சாரம் செல்ல ஏற்கெனவே பக்கத்தில் துளை இருக்கிறது. மிடிச் செய்தி செல்ல, இருவர் சேர்ந்து விளையாடுவதற்கென்று அமைந்த இணைப்பு வாய் இருக்கிறது. ஒலி வெளிவர ஹெட்போன் வாய் இருக்கிறது. அதுவும் இடம் வலம் இரண்டும் உடையது. இம்மூன்றும் போதும். வெட்ட வேண்டியது இணைப்புக் கேபிளின் ஒரு முனையை மட்டுமே. பெட்டியை ரேக்கில் திருகாமல், ஒரு தட்டில் வைத்து நாடாவால் கட்டலாம். நாளை அவிழ்த்து அலமாரியிலும் வைக்கலாம்.

எனவே நம் கருத்து இது. பழுதுபட்ட மூன்றையும் பிள்ளை தாராளமாகத் திறக்கட்டும், துளைக்கட்டும், கற்றுக்கொள்ளட்டும். அவற்றைத் திறப்பதே அவற்றுக்குச் செய்யும் உபகாரம். தந்தையின் பெட்டி வெட்டுப்படாமல் நான்காவது இடத்தில் அமரட்டும். அதே சமயம் சகோதரிக்கும் ஒரு வார்த்தை: பெட்டியை அலமாரியில் பூட்டிவைப்பதால் மட்டும் அது காப்பாற்றப்பட்டதாகாது. உள்ளே மறந்துபோன செல்கள் கசிந்து தகடுகளை அரித்துவிடும். தொடாமல் வைத்த பொருளும் அழிகிறது. சற்று மெதுவாக அழிகிறது, அவ்வளவே.

இவ்வாறு பதில் எழுதி அனுப்பிய அடுத்த ஞாயிறன்று தாயும் பிள்ளையும் நம் இல்லத்திற்கு வந்தனர். பிள்ளையின் கையில் பெட்டி. “மாமா, செல் அறையைத் திறக்கட்டுமா?” என்று கேட்டான். “அம்மாவைக் கேள், தம்பி” என்றோம். அவர் தலையசைத்தார். உள்ளே நான்கு செல்கள்; வெண்ணிறப் பொடி பூத்திருந்தது. கணவர் கடைசியாகப் போட்ட செல்கள் அவை. அம்மையார் அவற்றை வாங்கிச் சிறிது நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு தாமே ஒரு காகிதத்தில் சுற்றி அப்புறப்படுத்தினார்.

பஞ்சில் வினிகர் தோய்த்துத் தகடுகளைப் பிள்ளை துடைத்தான். அரை மணி நேரம் உலரவிட்டுப் புதிய செல்கள் போட்டோம். பழைய கார்ட்ரிட்ஜைச் செருகி முடுக்கியதும், திரையில் எழுத்துகள் மேலிருந்து இறங்கி வந்து நிற்க, அப்பெட்டிக்கே உரிய அந்த ‘டிங்’ என்னும் ஒலி எழுந்தது. அடுக்களையில் நம் மனையாளோடு பேசிக்கொண்டிருந்த அம்மையார் பேச்சை நிறுத்திவிட்டு வாயிற்படியில் வந்து நின்றார். “டியூட்டி முடிந்து வந்ததும் முதலில் கேட்கும் சப்தம் இதுதான். நான் காப்பிக்குத் தண்ணீர் வைப்பேன்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பிள்ளை ஒருமுறை அணைத்துவிட்டு மறுபடி முடுக்கினான், அம்மாவுக்காக.

திரையில் நெடுக்காக இரண்டு கோடுகள் மறைந்திருந்தன. திரையின் அடியில் உள்ள மெல்லிய இணைப்புப் பட்டையில் பிடிப்பு விட்டுப்போனால் இவ்வாறு நேரும். உறையைத் திறந்து, சால்டரிங் அயர்னின் இளஞ்சூட்டால் பட்டையைத் தடவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கு மூன்று கிளையுடைய திருப்புளி வேண்டும். சாதாரணத் திருப்புளியால் முயன்றால் திருகின் தலை தேய்ந்துபோகும். “முதலில் பழுதான மூன்றில் கை பழகிக்கொண்டு, பிறகு அப்பாவுடையதைத் தொடுகிறேன்” என்று பிள்ளையே கூறினான். பிரிக்கவே கூடாதென்று எழுதிய தாயார், “பழுது பார்ப்பதற்கானால் திற” என்று அனுமதியளித்தார். வெட்டுவதற்கும் செப்பனிடுவதற்கும் உள்ள வேற்றுமையை இருவரும் ஒருங்கே உணர்ந்ததாக நமக்குத் தோன்றிற்று.

ரேக் இன்னும் முடியவில்லை. சீதாபுல்டி கடைத்தெருவில் அலுமினியப் பட்டை வாங்கியாயிற்று. எம்ஜிபி நிரலுக்கு நான்கு கார்ட்ரிட்ஜ் வேண்டும், இரண்டே கிடைத்துள்ளன. பொங்கல் விழாவிற்குள் பதினாறு குரல்களும் நம் சங்க மண்டபத்தில் ஒலிக்குமென்று பிள்ளை நம்புகிறான். ஒலிக்கட்டும், நேயர்கள் வந்திருந்து கேட்க வேண்டும்.

அதற்கிடையில் இந்த ஞாயிறன்று ஒரு சிறு காரியம் செய்யுங்கள். வீட்டில் மறைந்தவர்களின் ரேடியோ, டார்ச், விளையாட்டுப் பெட்டி எதுவிருப்பினும், அதன் செல் அறையை ஒருமுறை திறந்து பாருங்கள்.

அடுத்த மாதம்: மிடிக் கருவிக்கு வேண்டிய சாமான்களும் அவற்றை இணைக்கும் முறையும்.