பாஸ்போர்ட்டுக்குத் தாய்மொழி உண்டா?

ஆம்பூரிலிருந்து ஒரு தம்பதி என்னைப் பார்க்க வந்தார்கள். இருவரும் ஆங்கில உபாத்தியாயர்கள். இருவரும் எம்.ஏ., பி.எட். அவருக்கு எட்டு வருஷ அனுபவம், அந்த அம்மாளுக்கு ஆறு. மூன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. வீட்டில் உருது, தெருவில் தமிழ், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், சந்தைக்குப் போனால் கொஞ்சம் தெலுங்கு என்று நான்கு பாஷைகளில் புழங்கும் குடும்பம். அந்த வட்டாரத்தில் இது ஓர் அதிசயமுமல்ல.

இந்த இருவர் சம்பளத்தையும் கூட்டினால், வாடகை போக, தங்கள் குழந்தையையே தாங்கள் வேலை பார்க்கும் மாதிரியான பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது சிரமம். எனவே வெளிநாடு போய் ஆங்கிலம் கற்பிக்கலாமென்று யோசித்தார்கள். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கைக்குழந்தையோடு தேசம் தேசமாகப் போய் ஆங்கிலம் கற்பித்த கதையை எங்கோ படித்திருக்கிறார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பவேண்டியதுதான், பாக்கி எல்லாம் தானே நடக்கும் என்ற தோரணையில் எழுதப்பட்ட கதை. இவர்களும் அதை நம்பி ஓர் ஏஜண்டைப் போய்ப் பார்த்தார்கள். அவர் சான்றிதழ்களைப் புரட்டக்கூட இல்லையாம். "நீங்க நேட்டிவ் ஸ்பீக்கர் இல்லியே சார்" என்று கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. 1806இல் வேலூர்க் கோட்டையில் கலகம் செய்த சிப்பாய்களின் பட்டாளத்துக்கு 'நேட்டிவ் இன்ஃபன்ட்ரி' என்று பெயர். வெள்ளைக்காரன் காலமெல்லாம் நாம்தான் 'நேட்டிவ்'. அந்தச் சொல்லைச் சொல்லும்போதே அவன் உதடு கோணும். இப்போது அதே சொல் மகுடமாகிவிட்டது. மகுடமான மறுநாளே அதை நம் தலையிலிருந்து எடுத்துத் தங்கள் தலையில் வைத்துக்கொண்டு விட்டார்கள்!

ஏஜண்டைக் குறை சொல்லிப் பயனில்லை. சட்டமே அப்படித்தான் இருக்கிறது. தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான ஈ-2 விசா ஏழு தேசத்தாருக்கு உரியது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. அந்த ஏழில் ஒன்றின் பிரஜை ஒரு பட்டம் வாங்கியிருந்தால் போதும், அது மீன் வளர்ப்பில் வாங்கியதாயிருந்தாலும் அங்கே தனியார் பயிற்சிக் கூடத்தில் பாடம் நடத்தலாம். 2010இல் அமலுக்கு வந்த இந்திய-கொரிய வர்த்தக ஒப்பந்தத்தில் நமக்கும் ஒரு ஜன்னல் திறந்தார்கள். பட்டமும் ஆசிரியப் பயிற்சித் தகுதியும் உள்ள இந்தியர் பள்ளிக்கூடங்களில் போய் 'உதவி' ஆசிரியராக இருக்கலாம். அதாவது பயிற்சி பெற்றவர் உதவி, பெறாதவர் உபாத்தியாயர். போகிறவர் தம் மனைவியையோ கணவனையோ குழந்தையையோ கூட்டிப் போகலாம். ஆனால் அப்படிக் கூடப் போகிறவருக்கு அந்த விசாவில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. சீனாவிலும் 2017 முதல் உள்ள விதி, அந்நிய பாஷை கற்பிக்க வருகிறவர் பொதுவாகத் தம் நாட்டுத் தாய்மொழியைக் கற்பிப்பவராய் இருக்கவேண்டும் என்கிறது.

தென்னாப்பிரிக்காவைக் கவனியுங்கள். அங்கே வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஆகவே அந்த தேசத்தார் தாங்கள் ஆங்கில வழியில் படித்ததாகச் சான்று காட்டவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நியாயம். அதே சான்றை ஆம்பூர்க்காரரிடமும் கேட்பதுதானே? அவர் எல்.கே.ஜி. முதல் எம்.ஏ. வரை கொண்டுவந்து மேஜைமேல் கொட்டுவாரே! கேட்கமாட்டார்கள். பாஸ்போர்ட்டில் தாய்மொழி என்று ஒரு கட்டமே கிடையாது. ஆனாலும் அதைப் பார்த்துத்தான் ஒரு மனுஷனின் தாய்மொழியைத் தீர்மானம் செய்கிறார்கள்.

இந்த வேடிக்கைக்கு ஒரு பூர்வ கதையும் உண்டு. 1961இல் உகாண்டாவில் மக்கரேரே என்ற இடத்தில் காமன்வெல்த் நாடுகளின் ஆங்கிலக் கல்வி மகாநாடு ஒன்று நடந்தது. ஆங்கிலத்தைப் பிறப்பிலேயே பேசுகிறவர்தான் அதற்கு உத்தம ஆசிரியர் என்ற கொள்கை அங்கே வேரூன்றியது. ராபர்ட் பிலிப்சன் என்ற பிரிட்டிஷ்காரரே 1992இல் ஒரு புத்தகம் எழுதி, இது வெறும் மாயை என்று போட்டு உடைத்தார். மாயை உடைந்தது, விசா ஆபீஸ் கதவு உடையவில்லை.

ஆம்பூருக்கு ஆங்கிலம் யார் கொண்டுவந்தார்கள் என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. அங்கே கன்கார்டியா பள்ளி என்று பேர்பெற்ற ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் மிஷன் வழி வந்தது. 1890களில் அந்த மிஷன் சார்பில் இந்தப் பக்கம் முதலில் வந்த நேத்தர், மோன் என்ற இரு பாதிரிமார்களும் ஜெர்மானியர்கள். அவர்களை அனுப்பிய அமெரிக்கச் சபைகூட அந்தக் காலத்தில் ஜெர்மன் பாஷையில்தான் ஜபம் செய்துகொண்டிருந்தது. நம் பாட்டன்மார் யாராவது அவர்களிடம், "ஐயா, தாங்கள் நேட்டிவ் ஸ்பீக்கரா?" என்று கேட்டார்களா? சொல்லிக்கொடுப்பவனுக்கு விஷயம் தெரிந்தால் போதுமென்று பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள். வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணன் 1936இல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராகி, ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் பாடம் சொன்னார். அவருடைய உச்சரிப்பு சரியில்லையென்று அவர்கள் எழுந்து போய்விடவில்லை.

கற்பிக்கும் முறை அவர்களுக்குத்தான் தெரியுமோ? அதுவும் இல்லை. இலக்கண சூத்திரத்தை நெட்டுருப் போடவைக்காமல், ஒரு காரியத்தைக் கொடுத்து அதைச் செய்யும் போக்கில் பாஷையைப் பழக்குவது என்ற முறையை இன்று உலகமெங்கும் ஆங்கில ஆசிரியப் பயிற்சியில் பாடமாக வைத்திருக்கிறார்கள். 1979 முதல் 1984 வரை அதைச் சோதனை செய்து காட்டியவர்களில் முதன்மையானவர் என்.எஸ்.பிரபு. சோதனை நடந்த இடம் கேம்பிரிட்ஜ் அல்ல. பெங்களூர், சென்னை, கடலூர் பள்ளிக்கூடங்கள். இந்தத் தேசத்துப் பிள்ளைகள் மேல் பரீட்சித்துப் பார்த்த வித்தையை நாலு வாரத்தில் படித்து முடித்துவிட்டு ஒருவன் கொரியாவுக்கு விமானம் ஏறுகிறான். ஆம்பூர் உபாத்தியாயர் அவனுக்குக் கரும்பலகை துடைக்கவேண்டும்.

நம் ஆங்கில ஆசிரியர்கள் எல்லோரும் சூரர்கள் என்று நான் சாதிக்க வரவில்லை. நோட்ஸை வாசித்துவிட்டு மணி அடித்ததும் போகிறவர்களை எனக்குத் தெரியும். வகுப்பில் ஒரு வருஷம் முழுவதும் ஒரு பிள்ளையை ஒரு வாக்கியம்கூடப் பேசவிடாத புண்ணியவான்களும் உண்டு. அவர்களைப் பரீட்சை வைத்துத் தள்ளுங்கள்; சந்தோஷம். ஆனால் பரீட்சை வையுங்கள். 'இஸ்கூல்' என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்த 'இ' எங்கிருந்து வருகிறது என்று உருது வீட்டில் வளர்ந்தவருக்குத் தெரியும். தாமும் அந்தப் படியில் தடுக்கி விழுந்து எழுந்தவர். விழாதவனுக்கு, பிள்ளை விழுகிறதே என்று மட்டும்தான் தெரியும்.

அந்த ஊர்த் தொழிலை வைத்தே சொல்கிறேன். ஒரு காலத்தில் பாலாற்றங்கரையில் ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பாதிப் பதனிட்ட தோலைக் கப்பலேற்றுவார்கள். சீமையில் அதற்கு மெருகேற்றி லாபம் பார்ப்பார்கள். 1970களின் தொடக்கத்தில் சர்க்கார் விழித்துக்கொண்டு, முடித்த சரக்காக அனுப்பு என்று அந்த ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. ஆனால் இன்று ஆம்பூரில் விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ்களுக்குப் பெண்கள் வரிசையாக நிற்கிறார்களே, அதற்கு அடியில் அந்தக் கட்டுப்பாடும் இருக்கிறது. வெளிநாட்டுக்காரன் தோலை இழுத்துப் பார்க்கிறான், மடக்கிப் பார்க்கிறான், சாயம் போகிறதா, ரசாயனம் மிஞ்சியிருக்கிறதா என்று சோதிக்கிறான். ஆடு எந்தத் தேசத்தில் பிறந்தது என்று கேட்டு வாசலோடு அனுப்புவதில்லை. செருப்புக்குள்ள மரியாதை உபாத்தியாயருக்கு இல்லை. வர்த்தக ஒப்பந்தம் பேசப் போகும் நம் அதிகாரிகள், 'உதவி' என்ற அந்த ஒரு வார்த்தையை அடித்துவிட்டு வாருங்கள் என்று ஏன் வற்புறுத்தக்கூடாது? பாதிப் பதனிட்ட தோலாகத்தானே நம் ஆசிரியர்களை ஏற்றுகிறோம்!

சர்க்காரை மட்டும் திட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளவும் எனக்கு மனமில்லை. இந்த நோய் நம் வீட்டிலேயே இருக்கிறது. நம்மூர்ப் பள்ளிக்கூட விளம்பரத்தில் ஒரு வெள்ளை முகம் இருந்தால் நாமும்தானே இன்னொரு தரம் பார்க்கிறோம்?

தம்பதியின் கதைக்கு வருகிறேன். கொரியா போயிற்று, மாலத்தீவு வந்தது. அங்கே ஆங்கில வழிக் கல்வி 1961 வாக்கில் தொடங்கியது. நம்மவர்கள் எத்தனையோ பேர் அந்தத் தீவுகளில் பாடம் நடத்துகிறார்கள். அவர்களுடைய ஆங்கிலத்தில் படித்துத்தான் அந்தப் பிள்ளைகள் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் இவர்களுக்குக் கிடைத்ததோ கணவனுக்கு ஒரு தீவு, மனைவிக்கு ஒரு தீவு. நடுவில் ஒரு ராத்திரி படகுப் பிரயாணம். மூன்றரை வயதுக் குழந்தையை எந்தத் தீவில் வைப்பது? அவர் மட்டும் போனார். அந்த அம்மாள் ஆம்பூரிலேயே பழைய பள்ளிக்கூடத்தில் இருக்கிறார். பகலில் குழந்தை நானியிடம்.

ஒரு நாள் அந்த அம்மாளோடு போனில் பேசியபோது பின்னால் குழந்தையின் குரல் கேட்டது. சுத்தமான ஆங்கிலம். நானியிடம்கூட ஆங்கிலத்தில்தான் பேசவேண்டுமென்று கட்டளையாம். பாவம், நானிக்கு 'வாட்டர்' என்பதற்குமேல் புரியாது. "ஏனம்மா, வீட்டிலாவது உருதுவில் பேசவிடக்கூடாதா?" என்று கேட்டேன்.

"விட்டா அவளும் எங்கள மாதிரி ஆயிடுவா சார்" என்றார்.

அந்தக் குழந்தை எப்படிப் பேசினாலும் அதன் பாஸ்போர்ட்டும் உங்களுடையதைப் போலத்தான் இருக்கும் என்று சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, மாலத்தீவிலிருந்து போன் வரும் நேரம் என்று சொல்லி வைத்துவிட்டார்.