ஊசியாவது, புடலங்காயாவது!

மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்கய்யா! பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டு 40 நாளில் ஊத வைக்கிறாங்களாம். வாட்ஸ்அப்பில் வந்தால் சிரிச்சுட்டுப் போயிடலாம். பதிவு எழுதுற நம்மாளுங்களே இதை நம்பினா எங்க போய் முட்டிக்கறது?

ஊசி கட்சிக்காரங்களே, ஒரு நிமிஷம். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் வயித்துல செரிச்சுப் போயிடும். ஊசியாத்தான் போடணும், அதுவும் திரும்பத் திரும்ப. ஷெட்டில் 5000 கோழி இருக்குன்னு வைங்க. கிலோவுக்கு இவ்வளவுன்னு வளர்ப்புக் கூலி வாங்கற மனுஷன் அத்தனையையும் துரத்திப் பிடிச்சுக் குத்திட்டு இருப்பாரா? பல்லடம் பக்கம் ஒரு பண்ணையில் கேட்டுப் பாருங்க, வாயால சிரிக்க மாட்டாங்க.

பின்ன எப்படி வளருது? முதல் காரணம் இனம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005ஆம் வருஷத்து இனங்களை ஒரே தீவனம் போட்டு வளர்த்தாங்க. 2014ல் வெளியான முடிவு: 56 நாளில் 905 கிராம், 1.8 கிலோ, 4.2 கிலோ. ஊசி கீசி எதுவும் இல்லை.

அடுத்தது தீவனத்தோட வடிவம். இதைப் பத்தி யாரும் பேசறதே இல்லை. மாவுத் தீவனம் போட்டால் கோழி மக்காச்சோளத் துண்டாப் பார்த்துப் பொறுக்கித் தின்னுட்டு தூளை விட்டுடும் (நாம பொங்கல்ல முந்திரி தேடற மாதிரி). அதையே ஆவியில் வேகவச்சு, அழுத்திக் குச்சியாக்கினா அதுதான் பெல்லட். ஒவ்வொரு கொத்துலயும் எல்லாச் சத்தும் உண்டு. சிந்தறது குறைவு, சீக்கிரம் தின்னுட்டுப் படுத்துக்கும், மிச்சமாகிற சக்தி கறியாகும். இதுல வில்லங்கமும் இருக்கு. ரொம்ப நைசா அரைச்ச பெல்லட்டால் இரையை அரைக்கிற பைக்கு வேலை குறைஞ்சு அது சிறுத்துடும். உடம்பு வளர்ற வேகத்துக்கு இதயம் ஈடுகொடுக்காம வயித்துல நீர் கோர்த்துச் சாகிற கோழியும் உண்டு. கோழி மேல கரிசனம்னா இதுக்குக் கண்ணீர் விடுங்க.

பயப்படத்தான் வேணும்னா ஆன்டிபயாட்டிக்குக்குப் பயப்படுங்க. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கொஞ்சம் கொஞ்சமாக் கலக்கிற பழக்கத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரியோட நிறுத்திடுச்சு. மனுஷனுக்குக் கடைசி ஆயுதமா வச்சிருக்கிற கொலிஸ்டினை இந்தியாவில் கோழிக்குத் தடை பண்ணவே 2019 ஆயிடுச்சு.

அதுக்கு மாத்தாத்தான் புரோபயாடிக் வந்துச்சு. பொரிப்பகத்தில் பொறக்கிற குஞ்சு தாயைப் பார்க்கறதே இல்லை, தாய்கிட்டேருந்து வரவேண்டிய குடல் கிருமிகளும் வராது. வளர்ந்த கோழியோட குடல் கிருமிகளைக் குஞ்சுக்குக் கொடுத்தால் சால்மோனெல்லா ஒட்டாதுன்னு பின்லாந்தில் நூர்மியும் ராண்டலாவும் 1973லேயே காட்டிட்டாங்க.

உடனே "புரோபயாடிக் சிக்கன்"னு விளம்பரம் பார்த்து விழுந்துடாதீங்க. பெல்லட் செய்யறப்போ சூடு 80 டிகிரியைத் தொடும். லாக்டோபேசில்லஸ் வகையறா பெரும்பாலும் அங்கேயே காலி. பேசில்லஸ் வித்துகள் தாங்கும், இல்லேன்னா குடிதண்ணியில் கலந்து கொடுக்கணும். சுத்தமான ஷெட்டில் கொடுத்தாப் பெருசா வித்தியாசமும் தெரியாது, நோய் நொடி இருக்கிற இடத்துலதான் பலன் தெரியும்.

ஒப்பந்தப் பண்ணையில் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாமே கம்பெனி கொடுக்கறது. வளர்க்கிறவர் அந்த மூட்டையைப் பிரிச்சுக் கொட்டறதோட சரி. அவர் ஷெட்டில் ஊசி தேடறதை விட்டுட்டு, மூட்டைக்குள்ள என்ன ஆன்டிபயாட்டிக் இருக்குன்னு கம்பெனியைக் கேட்டு ஒரு பதிவு போடுங்களேன். முதல் பின்னூட்டம் என்னோடது.