நல்லா சம்பாதிச்சவங்களும் ஏன் திவாலானாங்க? 250 வருஷத்துக்கு முந்தைய மான்செஸ்டர் சொல்லும் பாடம்



"அவன் மஞ்ச கடுதாசி குடுத்துட்டான்" என்று ஊரில் யாரையாவது பற்றிச் சொன்னால் நம்ம மனசில் முதலில் என்ன தோணும்? குடிச்சிருப்பான், சீட்டாடியிருப்பான், தகுதிக்கு மீறி வாழ்ந்திருப்பான். கூடவே ஒரு நிம்மதியும் வரும்: திவால் எல்லாம் பிசினஸ் பண்றவங்களுக்குத்தான், மாசாமாசம் சம்பளம் வர்ற நமக்கு இல்லை.

இந்த ரெண்டு நம்பிக்கையுமே தப்பு என்பது என் கருத்து. இதுக்கு நான் எடுத்துக்கிற உதாரணம், தொழிற்புரட்சி தொடங்கின காலத்து மான்செஸ்டர். ஏன் அவ்வளவு தூரம் போகணும்? நம்ம ஊர் திவால் சட்டத்துக்கு வேர் இங்கிலாந்தில்தான் இருக்கு. சென்னை, மும்பை, கொல்கத்தாவுக்கான தனிநபர் திவால் சட்டம் 1909-ல் பிரிட்டிஷ் ஆட்சியில் வந்ததுதான்.

எல்லாம் சரியா செஞ்ச பெண்

எலிசபெத் ராஃபால்ட். பணக்கார வீட்டில் ஹவுஸ்கீப்பரா வேலை பார்த்தவர். 1763-ல் தோட்டக்காரர் ஜானைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு மான்செஸ்டர் வந்தார். பலகாரக் கடை வைத்தார். வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஆபீஸ் நடத்தினார். 1769-ல் சமையல் புத்தகம் போட்டார். அது அவ்வளவு நல்லா விற்று, பிறகு அதன் உரிமையை 1,400 பவுண்டுக்குக் கொடுத்தார். 1772-ல் மான்செஸ்டரின் முதல் வணிக டைரக்டரியை வெளியிட்டதும் இவர்தான். அதுக்கு நடுவில் கணவரோடு சேர்ந்து விடுதியும் நடத்தினார்.

இன்னிக்கு எங்களை மாதிரி ஃபைனான்ஸ் சேனல்காரங்க தினமும் கத்துற "மல்டிபிள் இன்கம்" அவர்கிட்ட எப்பவோ இருந்தது. ஆனா முடிவு என்ன? சால்ஃபோர்டில் அவர்கள் நடத்தின கிங்ஸ் ஹெட் விடுதி கடனில் மூழ்கியது. ஜானின் குடிப்பழக்கமும் அதில் சேர்ந்தது. கையில் இருந்ததை எல்லாம் கடன்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு விடுதியைக் காலி பண்ணினார்கள். எலிசபெத் அதுக்கப்புறமும் ஓயவில்லை. ஒரு காபி ஹவுஸ், டைரக்டரியின் புதுப் பதிப்பு என்று உழைத்துக்கிட்டே இருந்தார். 1781-ல் திடீரென இறந்துபோனார். உடனே கடன்காரர்கள் மறுபடி வாசலில் நின்றார்கள்.

எங்கே தப்பு? அன்றைய சட்டப்படி கல்யாணமான பெண் சம்பாதிக்கும் காசு கணவனுடையது. 1870, 1882 சட்டங்கள் வரும் வரை இதுதான் நிலை. அவர் எத்தனை வழியில் சம்பாதித்தாலும், ஜான் வாங்கின கடன் அத்தனையையும் இழுத்துக்கிட்டுப் போச்சு. வருமானத்தைப் பெருக்கினார், ஆனா யார் கடனுக்குத் தன் உழைப்பு பொறுப்பாகுது என்பது அவர் கையில் இல்லை.

ஒரு கையெழுத்து, பத்து பேர்

எலிசபெத் கதை ஒரு குடும்பத்தோட பிரச்சனை மட்டும் என்று நினைக்காதீங்க. ஊரே அப்படித்தான் ஓடிச்சு. லங்காஷயர் பக்கம் ரொக்கம் தட்டுப்பாடு. வியாபாரம் நடந்தது "பில் ஆஃப் எக்ஸ்சேஞ்ச்" என்ற காகிதத்தில். காமர்ஸ் படித்தவர்களுக்கு மாற்றுச்சீட்டு என்றால் புரியும்.

உதாரணத்துக்கு, ஒரு நூல் வியாபாரி 100 பவுண்டுக்கு நூல் விற்கிறார். வாங்கினவர் "மூணு மாசத்தில் தர்றேன்" என்று பில் எழுதிக் கொடுக்கிறார். நூல் வியாபாரி அதன் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு, தனக்குப் பஞ்சு கொடுத்தவரிடம் தள்ளிவிடுவார். அவர் கையெழுத்துப் போட்டு அடுத்தவரிடம். கையெழுத்துப் போட்ட ஒவ்வொருத்தரும் அந்த 100 பவுண்டுக்குப் பொறுப்பு. முதல் ஆள் காசு கொடுக்கலைன்னா, காகிதம் வந்த வழியே திரும்பி வரும். நடுவில் இருக்கிறவர் கடை நல்லா ஓடிக்கிட்டு இருக்கும், குடோனில் சரக்கு இருக்கும், வர வேண்டிய பாக்கியும் இருக்கும். அன்னிக்குக் கொடுக்க ரொக்கம் மட்டும் இருக்காது.

நல்ல காலத்தில் இந்த ஏற்பாடு அருமையா ஓடும். 1788-ல் லிவ்சி, ஹார்கிரீவ்ஸ் என்ற லங்காஷயரின் பெரிய துணி அச்சு நிறுவனம் விழுந்தபோது, அவர்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர்களும் ஆட்டம் கண்டார்கள். 1793-ல் பிரான்ஸோடு போர் தொடங்கியது, வங்கிகள் மூடின. அந்த ஒரே வருஷத்தில் இங்கிலாந்தில் திவால் வழக்குகள் 1,000-ஐத் தாண்டின. அத்தனை பேரும் ஒரே வருஷத்தில் குடிகாரங்களா மாறிட்டாங்களா? இல்லையே.

சம்பளக்காரனுக்கு அந்த வழியும் இல்லை

இதில் நமக்கு உறைக்க வேண்டிய இடம் இது. அன்றைய ஆங்கிலேயச் சட்டத்தில் திவால் என்பது ஒரு சலுகை. சொத்தை முழுசா ஒப்படைத்து, கடன்காரர்களில் ஐந்தில் நாலு பங்கு பேர் சம்மதித்தால், மீதிக் கடனிலிருந்து விடுதலை, புதுசா தொழில் தொடங்கலாம். சொத்தை மறைச்சா தூக்கு தண்டனை கூட சட்டத்தில் இருந்தது. ஆனா இந்தச் சலுகை வியாபாரிகளுக்கு மட்டும்தான். அதிலும் வழக்குப் போடும் கடன்காரர் ஒருத்தர் என்றால், அவருக்கான பாக்கி குறைஞ்சது 100 பவுண்டு இருக்கணும். மத்தவங்களுக்கு? ஜெயில். லங்காஷயர்காரர்களுக்கு லங்காஸ்டர் கோட்டை.

லண்டனில் கடற்படைச் சம்பள ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர் ஜான் டிக்கன்ஸ். நம்மை மாதிரியே சம்பளக்காரர். 1824-ல் ஒரு பேக்கரிக்காரருக்குத் தர வேண்டிய 40 பவுண்டு சொச்சத்துக்காக மார்ஷல்சி ஜெயிலுக்குப் போனார். அவருடைய 12 வயசு மகன் ஷூ பாலிஷ் தயாரிக்கும் இடத்தில் வேலைக்குப் போனான். அந்தப் பையன்தான் பின்னாளில் பெரிய எழுத்தாளரான சார்லஸ் டிக்கன்ஸ். வியாபாரி இல்லாதவர்களுக்கும் திவால் சட்டம் கிடைத்தது 1861-ல்தான். கடனுக்காக ஜெயில் என்பது பெரும்பாலும் ஒழிந்தது 1869-ல்.

இதில் நான் கத்துக்கிட்டது

என் கதையையும் சொல்லிடுறேன். வேலைக்குச் சேர்ந்த மூணாவது வருஷம், கூட வேலை பார்த்த அண்ணன் ஒருத்தர் லோனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டார். "சும்மா ஃபார்மாலிட்டிதான் தம்பி" என்றார். போட்டேன். அவருக்கு வேலை போச்சு. 14 மாசம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை, அந்த நேரத்தில் அவரிடம் காசு இல்லை, அவ்வளவுதான். மான்செஸ்டரில் பின்பக்கம் கையெழுத்துப் போட்டவர்கள் கதையும் இதேதான்.

அதனால மூணு விஷயம் சொல்றேன்.

1. ஜாமீன் கையெழுத்து என்பது உங்க பெயரில் வாங்கும் லோன். 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவுப்படி, கடன் வாங்கினவருக்கு இருக்கும் அதே பொறுப்பு ஜாமீன்காரருக்கும் உண்டு. அந்த இஎம்ஐ முழுசையும் நீங்க கட்ட முடியும், கட்டவும் மனசு இருக்கு என்றால் மட்டும் போடுங்க.

2. உங்க சம்பளமும் ஒரு கடன்தான். முதலில் வேலை செய்றோம், மாசக் கடைசியில் காசு வருது. அதாவது கம்பெனிக்கு நாம 30 நாள் கடன் கொடுக்கிறோம். அது தள்ளிப்போனாலும் இஎம்ஐ தேதி தள்ளிப்போகாது. ஆறு மாசச் செலவுக்கான பணம் கேட்ட உடனே எடுக்கிற மாதிரி இருக்கணும். நிலம், நகை, ஷேர் எல்லாம் குடோனில் இருக்கும் சரக்கு மாதிரி. அவசரத்துக்கு நல்ல விலை கிடைக்காது.

3. வீட்டில் யார் பெயரில் என்ன கடன் இருக்கு என்பது கணவன், மனைவி ரெண்டு பேருக்கும் தெரியணும். இன்னிக்குச் சட்டம் மாறிடுச்சு. ஆனா கோ-ஆப்ளிகண்ட்டா கையெழுத்துப் போட்டா, எலிசபெத் நின்ன இடத்தில் நீங்க நிப்பீங்க.

கடைசியா ஒண்ணு. தெரிந்தவர் யாராவது கடனில் விழுந்தால் "ஊதாரி" என்று உடனே முத்திரை குத்தாதீங்க. அந்த அவமானத்துக்குப் பயந்துதான் நிறைய பேர் ஒரு கடனை அடைக்க இன்னொரு ஆப்பில் கடன் வாங்கி, இன்னும் ஆழமா போறாங்க. ஆரம்பத்திலேயே வீட்டில் சொல்லியிருந்தா, பேங்க்கிட்ட பேசியிருந்தா, பாதிப் பேர் தப்பிச்சிருப்பாங்க.

நீங்க யாருக்காவது ஜாமீன் போட்டு மாட்டியிருக்கீங்களா? கமெண்ட்ல சொல்லுங்க. ஏற்கெனவே போட்ட ஜாமீனிலிருந்து வெளியே வர முடியுமா என்பதை அடுத்த வீடியோவில் பார்ப்போம்.