பின் ரயரைப் பெருப்பிச்சா கார் திறமாகுமோ?

ஆராவது காரை மொடிஃபை பண்ணினா பெடியள் கேக்கிற முதல் கேள்வி: "பின்னுக்கு எத்தினை போட்டிருக்கிறாய்?" 245 எண்டா மரியாதை, 215 எண்டா சிரிப்பு. ரயரின் அகலத்தை ஆம்பிளைத்தனத்தின் அளவுகோலாக்கும் இந்தக் கதை எங்களுக்கு ஒத்துவராது.

டொயோட்டா 86 ஐ எடுப்போம். 2012இல் வந்த, பின்சில்லால் இழுபடும் ஸ்போர்ட்ஸ் கார். அதன் 17 அங்குல ரிம்முக்கு நாலு சில்லிலும் ஒரே 215/45 ரயர்தான். பிரியஸ் காருக்கும் போட்ட அதே மிச்லின் பிரைமசி வகை. இது கஞ்சத்தனம் இல்லை. முன்னும் பின்னும் சமநிலையாய் இருக்கவேணும், பிடி விடுறதை ஓட்டுறவர் குறைஞ்ச வேகத்திலேயே உணரவேணும் எண்டு செய்த வடிவமைப்பு.

இப்ப பின்னுக்கு மட்டும் 245 போடுங்கோ. பின்பக்கம் இறுக்கிப் பிடிக்கும், முன்பக்கம் பழையபடிதான். வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேரே போகப் பார்க்கும். 245/45 எண்டு வாங்கினா ரயரின் விட்டமும் 27 மில்லிமீற்றர் கூடும்; முன், பின் சில்லுகள் வேறுவேறு கதியில் சுழல, ஏபிஎஸ் குழம்பலாம். விட்டம் பொருந்த 245/40 வேணும். அதுக்கு 7 அங்குல ரிம் காணாது, ரிம்மும் மாத்தவேணும். இந்தச் செலவை ஒருத்தரும் வாய் திறந்து சொல்லுறேல்லை.

"போர்ஷே 911க்குப் பின்னுக்கு 295 தானே?" ஓம். அதுக்கு எஞ்சின் இருக்கிறதே பின்னுக்கு, பாரமும் அங்கதான். 86 இன் எஞ்சின் முன்னுக்கு, வலுவும் 200 குதிரைவலுதான். டர்போ பூட்டி வலுவை இரட்டிப்பாக்கினவைக்கு அகலம் தேவை. அதை நாங்கள் மறுக்கேல்லை. வடிவுக்காகப் போடுறவையோடதான் எங்கட சண்டை.

எங்கட மாரி மழையையும் யோசியுங்கோ. அகல ரயர் கூடுதல் தண்ணியைத் தள்ளவேணும். தேய்ஞ்ச அகல ரயர் தண்ணிக்கு மேல மிதக்கும், பிரேக் பிடிச்சும் பிரயோசனமில்லை. ஆனா 245 எண்ட இலக்கத்துக்காகப் பாவிச்ச ரயர் தேடுறவை எத்தினை பேர்! அதே காசுக்கு அதே அளவில், நல்ல ரப்பரில் நாலு புது ரயர் பாருங்கோ. பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 எண்டா 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமை செய்தது. முதலில் அந்த இலக்கத்தை வாசியுங்கோ.

பக்கத்துச் சீற்றில் இருக்கிற சிநேகிதியும், குடையோட ரோட்டைக் கடக்கிற அம்மாவும் உங்கட ரயர் அகலத்தைக் கேக்கேல்லை. நீங்கள் நேரத்துக்கு நிப்பாட்டினாக் காணும்.